லிபர்டேரியன்: தாராளவாதியா, விடுதலைவாதியா, சுதந்திரவாதியா?

2023 நவம்பரில் அர்ஜென்டினா அதிபர் தேர்தலில் ஹாவியர் மிலேய் ஜெயித்த மறுநாள் காலை, செய்தி மொழிபெயர்க்கிற நண்பர் ஒருவர் கூப்பிட்டார். மிலேயைப் பற்றி வந்த செய்தியில் வரிக்கு வரி ‘லிபர்டேரியன்’ என்று இருக்கிறது, இதற்குத் தமிழில் என்ன போடுவது, நான் ‘தாராளவாதி’ என்று போட்டுவிட்டேன், சரிதானே என்றார். சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் எது சரி என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு சொல்லைத் தப்பு என்பது ரொம்ப சுலபம்.

முதலில் அர்த்தத்தைப் பார்த்துவிடலாம். என் உடம்பு என்னுடையது, என் உழைப்பு என்னுடையது, அதில் வந்த சொத்தும் என்னுடையது. நான் அடுத்தவர் மேல் கைவைக்காத வரைக்கும், ஏமாற்றாத வரைக்கும், நான் எப்படி வாழ்கிறேன் என்பதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை. லிபர்டேரியன் கொள்கையின் கரு இவ்வளவுதான். அரசு என்று ஒன்று வேண்டும் என்றால் காவல்துறை, நீதிமன்றம், ராணுவம் இந்த மூன்றோடு நிற்கட்டும் என்பார்கள் பெரும்பாலோர். அதுகூட வேண்டாம் என்கிறவர்களும் உண்டு, மிலேயே கொள்கை அளவில் தான் அந்த ரகம் என்று சொல்லிக்கொள்பவர்.

இந்தக் கருவை எடுத்துக்கொண்டு கடைசிவரை நடந்து போனால் வழக்கமான இடது, வலது கணக்கு குழம்பிவிடும். வரியைக் குறை, மானியத்தை நிறுத்து, லைசென்ஸை ஒழி என்று பேசும்போது வலதுசாரி மாதிரித் தெரிவார்கள். அதே ஆள் அடுத்த மூச்சில், கட்டாய ராணுவ சேவை கூடாது, கஞ்சா பிடித்தவனை ஜெயிலில் போடாதே, வயது வந்த இரண்டு பேர் சம்மதித்து நடத்தும் வாழ்க்கையில் போலீசுக்கு என்ன வேலை என்பார். இரண்டுக்கும் அவருக்கு ஒரே காரணம்தான்.

கொள்கையாகச் சொன்னால் காற்றில் பறக்கும், ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சியரா லியோனிலிருந்து வந்த ஒரு பெண், ஆப்பிரிக்க முறையில் சடை பின்னிவிட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் இல்லை, ரசாயனம் இல்லை, வெறும் விரல்கள். அழகுக்கலை லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது என்றது மாநில அரசு. அந்த லைசென்ஸுக்கு 2,000 மணி நேரம் படிக்க வேண்டும், அந்தப் படிப்பிலோ இந்தச் சடை பின்னும் வேலைக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற லிபர்டேரியன் சட்ட அமைப்பு வழக்கு நடத்தியது, 2012-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதி அவர் விஷயத்தில் செல்லாது என்று சொன்னது. தத்துவம் பேசுவதைவிட இந்த மாதிரி வழக்குகளில்தான் இவர்கள் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சடை பின்ன அரசாங்கத்திடம் தாள் வாங்க வேண்டும் என்றால் நம் ஊர் அத்தைமார்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்கள் காரில் சீட் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டமே கிடையாது, அமெரிக்காவில் அப்படி உள்ள ஒரே மாநிலம் அதுதான். 20,000 லிபர்டேரியன்கள் ஒரே மாநிலத்தில் குடியேறி அரசியலை மாற்றலாம் என்று 2001-ல் ஒரு திட்டம் தொடங்கி, 2003-ல் ஓட்டுப் போட்டு அந்த மாநிலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சடை விஷயத்தில் அவர்கள் பக்கம் நிற்கிற நான் சீட் பெல்ட் விஷயத்தில் நிற்க மாட்டேன். அவர்களுக்கு இரண்டும் ஒன்றே.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? வேர் லத்தீன் ‘லிபெர்’, அடிமை அல்லாதவன். ஆங்கிலத்தில் ‘லிபர்டேரியன்’ முதலில் அரசியல் சொல்லே இல்லை. 1789-ல் வில்லியம் பெல்ஷாம் என்ற ஆங்கிலேயர் இதை எழுதியபோது பேசிக்கொண்டிருந்தது விதியா மதியா என்ற பழைய வழக்கைப் பற்றி. எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டது என்பவர் ஒரு பக்கம், மனிதனுக்குச் சொந்த விருப்பம் உண்டு என்பவர் இன்னொரு பக்கம். இரண்டாவது ஆளுக்கு வைத்த பெயர் இது.

அரசியலுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஒரு கம்யூனிஸ்ட் என்றால் இன்றைய லிபர்டேரியன்கள் பலருக்குக் கசக்கும். ஜோசஃப் தெஜாக், பிரெஞ்சுக்காரர், அரசும் வேண்டாம் தனிச்சொத்தும் வேண்டாம் என்ற அரசின்மைவாதி. 1857-ல் நியூ ஆர்லியன்ஸில் இருந்துகொண்டு புரூதோனுக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினார். அரசை எதிர்க்கிற பெரிய மனிதர் புரூதோன், பெண்கள் விஷயத்தில் மட்டும் பழைய பஞ்சாங்கம். நீ வெறும் லிபரல், ‘லிபர்டேர்’ அல்ல என்று தெஜாக் அவரை வாரினார். பிறந்த நாளிலேயே இந்தச் சொல் லிபரலுக்கு எதிராகத்தான் நின்றிருக்கிறது, என் நண்பர் போட்ட ‘தாராளவாதி’ ஏன் இடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. மறு வருடமே தெஜாக் நியூயார்க்கில் ‘லெ லிபர்டேர்’ என்று பத்திரிகையே தொடங்கி, 1861 வரை தட்டுத்தடுமாறி நடத்தினார். அப்புறம் 1893, 94-ல் பிரான்ஸ் அரசு அரசின்மைவாதப் பிரசாரத்தை ஒடுக்கச் சட்டங்கள் போட்டபோது, ‘அனார்கிஸ்ட்’ என்ற சொல் வாயைத் திறந்தாலே ஆபத்து என்றாகி, ‘லிபர்டேர்’ அதற்கு மாற்றுப்பெயராக ஓடியது. 1895-ல் செபாஸ்டியன் ஃபோர், லூயி மிஷேல் என்ற இரண்டு அரசின்மைவாதிகள் பாரிசில் அதே பெயரில் பத்திரிகை நடத்தினார்கள். 1936-ல் ஸ்பெயினில் துப்பாக்கி ஏந்திய தொழிலாளர்கள் கேட்டதும் ‘லிபர்தாரியோ’ கம்யூனிசம்தான். ஏறக்குறைய நூறு வருடம் இது இடதுசாரிச் சொல்.

இந்தச் சொல் கட்சி மாறியது அமெரிக்காவில். அங்கே சின்ன அரசு, திறந்த சந்தை என்று பேசியவர்கள் தங்களை ‘லிபரல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1930களில் ரூஸ்வெல்ட் காலத்தில் அந்தச் சொல் பெரிய அரசு கேட்பவர்கள் கைக்குப் போய்விட்டது. பெயரைப் பறிகொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1955-ல் டீன் ரசல் என்பவர், சுதந்திரத்தை விரும்பும் நாம் ‘லிபர்டேரியன்’ என்ற நல்ல சொல்லை நமக்கென்று எடுத்துக்கொள்வோம் என்று எழுதினார். எதிரியிடமிருந்து ஒரு முக்கியமான சொல்லைக் கைப்பற்றிவிட்டோம் என்று அவர்களில் ஒருவரான பொருளாதார அறிஞர் மரி ராத்பார்ட் பிற்பாடு பூரித்துப்போனார். திறந்த சந்தை பேசிய இன்னொரு பொருளாதார அறிஞர் ஹாயெக்குக்கோ இந்தச் சொல்லே பிடிக்கவில்லை, செயற்கையாகச் செய்து ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்பது அவர் குறை.

இந்தப் பெயரில் அமெரிக்காவில் ஒரு கட்சியே பிறந்ததற்கு உடனடிக் காரணம் அதிபர் நிக்சன். 1971 ஆகஸ்டில் அவர் விலைவாசிக்கும் சம்பளத்துக்கும் அரசாணையால் பூட்டுப் போட்டார், டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவதை நிறுத்திவிட்டார். கொதித்துப்போன டேவிட் நோலனும் நண்பர்களும் அந்த டிசம்பரிலேயே கொலராடோவில் லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கினார்கள். 1972 தேர்தலில் நாடு முழுக்க நாலாயிரம் ஓட்டுகூட விழவில்லை. ஆனால் அங்கே அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக வரும் ‘தேர்வாளர்கள்’, விர்ஜீனியாவில் நிக்சனுக்குப் போட வேண்டிய ஒரு குடியரசுக் கட்சித் தேர்வாளர் மனம் மாறி இவர்களுக்குப் போட்டுவிட, துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன் அமெரிக்க வரலாற்றில் தேர்வாளர் ஓட்டு வாங்கிய முதல் பெண் ஆனார். அவர்களுடைய உச்சம் 2016, அதிபர் வேட்பாளர் கேரி ஜான்சனுக்கு சுமார் 45 லட்சம் ஓட்டு, 3.3 சதவீதம்.

பிரெஞ்சுக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். இடது ஆளுக்கு ‘லிபர்டேர்’ இருக்கட்டும், அமெரிக்காவிலிருந்து வந்த ஆளுக்கு ‘லிபர்டேரியன்’ என்று தனிச்சொல் என்று பிரித்துவிட்டார்கள். ஸ்பானிய மொழியில் அந்தத் தெளிவு இல்லை. மிலேய் தன்னை ‘லிபர்தாரியோ’ என்னும்போது, 1936-ஐ மறக்காத ஸ்பானிய அரசின்மைவாதிகளுக்கு எரிகிறது.

இந்தக் கட்சி மாறல் நம் பக்கத்திலும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1887-ல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியோடு ‘இந்தியா’ பத்திரிகையில் உழைத்தவர், 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது உடனிருந்தவர், அப்புறம் மாஸ்கோவோடு முறித்துக்கொண்டு அரசின்மைவாதியானவர். பம்பாயில் தொழிலதிபர் ரஞ்சோதாஸ் லோட்வாலா ஆதரவில் இருந்த சமூகவியல் நிறுவனத்துக்கு, 1947-ல் ‘லிபர்டேரியன் சோஷலிஸ்ட் இன்ஸ்டிட்யூட்’ என்று பெயர் மாற்றவைத்தவர் அவர்தான். 1954-ல் ஆச்சார்யா இறந்துபோனார். அதே லோட்வாலா வட்டத்திலிருந்து 50களில் வந்த ‘தி இந்தியன் லிபர்டேரியன்’ பத்திரிகை பேசியது கட்டுப்பாடில்லாத சந்தைப் பொருளாதாரம். சோஷலிஸ்ட் உதிர்ந்துவிட்டது, லிபர்டேரியன் மட்டும் மிச்சம்.

இனி தமிழ். ‘தாராளவாதி’ லிபரலுக்கு உட்கார்ந்துவிட்ட சொல், போதாததற்கு ‘தாராளம்’ என்றாலே நமக்கு வாரி வழங்கும் கை ஞாபகம் வரும். மிலேயோ மரம் அறுக்கிற மிஷின் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு பிரசாரத்துக்கு வந்தவர். பலகையில் ஒட்டிய அமைச்சகப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்து ‘அஃபுவேரா’, அதாவது ‘வெளியே’, என்று கத்துகிற அவருடைய வீடியோவைப் பார்த்தவர்கள் அவரைத் தாராளப் பிரபு என்று சொல்ல மாட்டார்கள். பதவியேற்ற கையோடு 18 அமைச்சகங்களை 9 ஆக்கினார்.

‘விடுதலைவாதி’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் விடுதலை என்பது கூட்டமாக அடைகிற ஒன்று: நாட்டுக்கு, இனத்துக்கு, சாதிக் கொடுமையில் கிடந்தவர்களுக்கு. பெரியார் நடத்திய நாளிதழ் முதல் இன்றைய கட்சிப் பெயர்கள் வரை அப்படித்தான். ‘என் வரியைக் குறை’ என்று கேட்கிற தனி ஆளுக்கு அந்தச் சட்டை தொளதொளவென்று இருக்கும். ‘கட்டற்ற’வை மென்பொருள்காரர்கள் நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், ‘கட்டற்றவாதி’ என்றால் அவிழ்த்துவிட்ட காளை மாதிரி ஒலிக்கிறது. பொருளில் ரொம்பக் கிட்டத்தில் வருவது ‘சுயேச்சை’, சுய இச்சை, பெல்ஷாம் சொன்னது அதையேதான். என்ன செய்ய, சுயேச்சை என்றதும் நமக்குக் கண்முன் வருவது தேர்தல் ஆணையம் பலாப்பழமோ தையல் மிஷினோ சின்னமாகக் கொடுத்த வேட்பாளர்.

மிச்சம் ‘சுதந்திரவாதி’. இது ரொம்பப் பொதுவான சொல், பென்ஷன் வாங்கும் தியாகியைக் குறிக்கிறது என்று நினைப்பார்கள் என்று முதலில் தள்ளிவைத்தேன். ஆனால் சுதந்திரத்துக்குத் தமிழில் ஒரு பழைய பொருள் உண்டு. அந்தக் காலத்தில் களத்தில் நெல் அளக்கும்போது தலையாரிக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் பரம்பரை உரிமையாக அளந்துவிடும் பங்குக்குப் பெயர் சுதந்திரம். தமிழ் விவிலியத்தில் சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் ‘சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்று வருவது நினைவிருக்கும், அங்கே அது உரிமைச் சொத்தாக அடைவது. அதாவது, யாரும் பிடுங்க முடியாத ‘என்னுடையது’. லிபர்டேரியன்கள் ஆரம்பிக்கிற இடமும் அதுதானே? உனக்கு நீயே உரிமையாளன் என்பதிலிருந்துதான் மற்ற எல்லாவற்றையும் அவர்கள் இழுத்து நெய்கிறார்கள். களத்துமேட்டுப் பங்கு ஊர் கொடுப்பது, இவர்களுடையது ஊர் தொடக்கூடாதது, அந்த வித்தியாசம் உண்டுதான். ஆனாலும் சொத்தின் வாசம் இந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது, விடுதலையில் அது இல்லை.

இந்தப் பொருளில் அரசியலில் இதை ஒருமுறை போட்டும் பார்த்தாயிற்று. நாடு சுதந்திரம் அடைந்து 12 வருடம் கழித்து, 1959-ல், ராஜாஜி ஒரு கட்சிக்குச் ‘சுதந்திரா’ என்று பெயர் வைத்தார். காங்கிரசின் நாக்பூர் தீர்மானம் பேசிய கூட்டுறவுப் பண்ணைக்கு எதிர்ப்பாக எழுந்த கட்சி. எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று அலையவிட்ட ஆட்சிக்கு அவர் வைத்த ‘லைசென்ஸ் பர்மிட் ராஜ்’ என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1967-ல் மக்களவையில் 44 இடம் பிடித்தார்கள். அதற்காக ராஜாஜியை லிபர்டேரியன் என்று எழுதிவிட வேண்டாம். 1937-ல் சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தவர், அதில் விழுந்த வருமான ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டவர், 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று கருணாநிதியிடம் நேரில் போய்க் கேட்டவர். தொழில் நடத்துபவன் மேல் அரசு கைவைக்கக் கூடாது என்ற மனிதர், குடிப்பவன் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்குவது அரசின் கடமை என்று நம்பினார். லிபர்டேரியன் இங்கே அவரோடு சண்டைக்கு நிற்பான்.

கூடவே வரும் இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன், அரசு எல்லையோடு இருக்க வேண்டும் என்பதற்கு. ‘சிற்றரசு’ என்று போட்டால் பாரியும் ஓரியும் தேரில் வந்து இறங்குவார்கள். ‘வரையறுக்கப்பட்ட அரசு’ இலங்கையில் கம்பெனிப் பெயர்ப்பலகை மாதிரித் தெரியும். ‘வரம்புக்குட்பட்ட அரசு’ போதும். வரம்பு என்றால் வயல் வரப்பும்தான், இதைத் தாண்டினால் பக்கத்து வயல் என்று எல்லோருக்கும் புரியும்.

ஆக, என் கணக்கில்: தெஜாக் வகை ஆளுக்கு ‘அரசின்மைவாதி’, மிலேய் வகை ஆளுக்கு முதலில் வரும் இடத்தில் ‘தனிமனித சுதந்திரவாதி’, அதற்குப் பின் வெறும் ‘சுதந்திரவாதி’. இதை நண்பருக்கு அனுப்பினேன். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு பத்தித் தலைப்பில் ஏறாதே என்று பதில் வந்தது.