எந்த போர்டு என்று கேட்பதற்கு முன்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு, ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் போடுவது பற்றிய பேச்சு முடிந்ததும், நாடு முழுவதற்கும் ஒரே பாடத்தரம் வேண்டுமா என்ற விவாதம் தானாகக் கிளம்பிவிட்டது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குச் சரக்கு கொண்டுபோகும் ஒரு தந்தை, "எடைக்கல்லு ஊருக்கு ஒண்ணா இருந்தா யாவாரம் பண்ண முடியுமுங்களா சார்?" என்றார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, "எடைக்கல்லு ஒண்ணாவே இருக்கட்டுமுங்க, காட்டுல என்ன வெதைக்கிறதுன்னு டெல்லியில இருந்து சொன்னா ஆகுமுங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் இருவரும் பேசியது ஒரே பொருளைப் பற்றியன்று. ஒரு வகுப்பு முடிவதற்குள் குழந்தைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கற்றல் தரம். அதைக் கற்பிக்க உதவும் கருவி பாடநூல், கற்றதைச் சோதிப்பது தேர்வு. பெற்றோர் 'சென்ட்ரல் போர்டு' என்று சொல்லும்போது இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து மத்திய அரசும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. எதை, எப்படிக் கற்பிப்பது என்று வழிகாட்டும் தேசியக் கலைத்திட்டம் 2005இல் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, பள்ளிக் கல்விக்கு மீண்டும் 2023இல் வெளியானது. நான் கற்றல் தரம் என்று சொன்னதைக் குறிக்கும் 'கற்றல் விளைவுகள்', எட்டாம் வகுப்பு வரைக்கும், 2017இல் கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளிலேயே இடம்பெற்றன. அரசுப் பள்ளிகளின் பாடநூலை எழுதுவது மட்டும் இன்றும் மாநிலத்தின் பணியாகவே இருக்கிறது.

தரத்தைத் தாளில் எழுதிவிட்டால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அரசுப் பணிக்கு வருமுன் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். பதினோராம் வகுப்புக்கு அப்போது பொதுத்தேர்வு கிடையாது. எனவே ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து, இரண்டு ஆண்டுகளும் அதையே உருப்போட வைப்போம். பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் அட்டை கசங்காமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. கணிதத்தில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கிய எங்கள் மாணவர்களே பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் திணறி, எனக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். நீட் தேர்வின் பாடப்பரப்பில் ஏறத்தாழப் பாதி பதினோராம் வகுப்புக்கு உரியது என்பது தெரியவந்தபோதுதான் பெற்றோர் விழித்துக்கொண்டனர். அதற்காகக் கொண்டுவரப்பட்ட பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் முதன்முறையாக நடந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் அதையும் நீக்கிவிட்டார்கள். பிள்ளைகளின் சுமை குறைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், அந்தப் புத்தகம் மறுபடி பெட்டிக்குள் போகாமல் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற கவலை எனக்குப் போகவில்லை.

பொதுத் தரத்தின் பயனைத் திருப்பூரில் கண்கூடாகப் பார்க்கலாம். பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் குடும்பங்களின் பிள்ளைகள், ஆண்டின் நடுவில் சேர்ந்து ஆண்டின் நடுவிலேயே ஊர் திரும்புகிறார்கள். நான்காம் வகுப்புக் கணிதத்தின் எல்லை எங்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அந்தக் குழந்தை மொழியோடு மட்டும் போராடினால் போதும். ஆசிரியர்களின் அச்சமும் வெறும் சாக்குப்போக்கு அன்று. ஒவ்வொரு தரமும் கடைசியில் ஒரு படிவமாகவோ எமிஸ் என்ற இணையவழிப் பள்ளித் தகவல் தளத்தின் பதிவாகவோ மாறி, கற்பிக்கும் நேரத்தைத் தின்றுவிடுவதை அவர்கள் நாள்தோறும் அனுபவிக்கிறார்கள்.

'தேசியத் தரம்' என்று நாம் நினைப்பதும் ஒற்றைத் தரம் அன்று. பெற்றோர் 'சென்ட்ரல் போர்டு' என்னும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ), 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தில் எளிய வினாத்தாள், வழக்கமான வினாத்தாள் என இரண்டு நிலைகளை வைத்திருக்கிறது. எளிய நிலையில் தேறியவர்கள் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுக்க முடியாது என்பதே தொடக்க விதி. பின்னர் அது தளர்த்தப்பட்டது. மகனைப் பொறியாளராக்கும் ஆசையில் எட்டாம் வகுப்பில் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கு மாற்றிய ஒருவர், இப்படி இரண்டு நிலை இருப்பதையே பத்தாம் வகுப்பு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அறிந்ததாக என்னிடம் சொன்னார்.

ஆகவே அன்றைய கூட்டத்தில், போர்டைப் பற்றிய பேச்சைச் சற்று நிறுத்திவிட்டு, மூன்றாம் வகுப்புக்கான கற்றல் விளைவுகளில் ஒன்றை மட்டும் வாசித்துக் காட்டினேன்: இடமதிப்பைக் கொண்டு 999 வரையிலான எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். 'நானூற்று ஏழு' என்று வாயால் சொல்லி, பிள்ளையை எழுதச் சொல்லிப் பாருங்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டேன். மூத்த மகளை இந்தப் பள்ளியிலும் இளையவனைக் கட்டணம் கட்டி மத்தியப் பாடத்திட்டப் பள்ளியிலும் படிக்கவைக்கும் ஒரு தாய், அன்றிரவே இளையவனின் சிலேட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் 4007 என்று இருந்தது. கீழே, "கணக்குல தொண்ணூறு மார்க்குங்க சார்" என்று எழுதியிருந்தார்.