கரி எங்கே படிகிறது?

வேலூருக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றும் சொல்வார்கள். அவ்வளவு பேர் பட்டாளத்துக்குப் போன ஊர். என் பெரியப்பாவுக்கும் அதுதான் ஊர். அவர் கையாண்டது இஷாபூர் தொழிற்சாலையில் செய்த எஸ்எல்ஆர், அதாவது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். இப்படித் தானாகத் தோட்டா ஏறும் எஸ்எல்ஆர், ஏகே, ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளில் எதைப் பராமரிப்பது சுலபம் என்று கேட்டால், "கரி எங்கடா படியுது, அதைப் பாரு முதல்ல" என்பார்.

கேள்வி சரியானதுதான். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலைக் கடக்கும்போது, குழலில் உள்ள சிறு துளை வழியே கொஞ்சம் வாயு பிரியும். அதுவே தோட்டாவுக்குப் பின்னால் அடைப்பாக நிற்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலி உறையை வெளியே எறிய வைக்கிறது. வாயு போகிற இடமெல்லாம் கரியும் போகும்.

எஸ்எல்ஆரில் அந்த வாயு, குழலுக்கு மேலே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பின்னால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிவிடும். அதனால் கரி பெரும்பாலும் முன்பக்கத்திலேயே நின்றுவிடும். ஏகே வகையில் பிஸ்டன், போல்ட்டைச் சுமக்கும் பாகத்தோடு சேர்ந்தே முழுத் தூரமும் போய்வரும். ஏஆர்-15 வகையிலோ ஒரு மெல்லிய குழாய் வாயுவை அந்தப் பாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து விடுகிறது. எடை குறைவு, குறியும் நன்றாக நிற்கும். ஆனால் போல்ட்டின் வால்பகுதியில் கரி கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். துணியால் துடைத்தால் போகாது, சுரண்ட வேண்டும். 1960களில் வியட்நாமில் இதே வகையைச் சேர்ந்த அமெரிக்க ராணுவத்தின் எம்16 அடிக்கடி சிக்கிக்கொண்டதற்கு இந்த அமைப்பை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. வெடிமருந்தை மாற்றியிருந்தார்கள்; தோட்டா அமரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை; துடைக்கும் சாமான்களும் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை.

எஸ்எல்ஆரை அன்றாடம் துடைக்கக் கழற்றுவதற்கு ஸ்பேனர் எதுவும் வேண்டாம். பின்னால் உள்ள நெம்புகோலைத் திருப்பினால் துப்பாக்கி நடுவில் கீல் போட்டதுபோல மடங்கித் திறக்கும். மேல்மூடியைப் பின்னால் இழுத்து எடுத்துவிட்டு, எலிவால் மாதிரி நீண்டிருக்கும் கம்பியைப் பிடித்து இழுத்தால் போல்ட் மொத்தமாகக் கையோடு வரும். அப்புறம் முன்பக்கத்து அடைப்பைத் திருகினால் பிஸ்டனும் அதன் ஸ்பிரிங்கும் வெளியே வரும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வளையம். துடைக்க நேரமில்லாமல் கரி சேர்ந்து இயக்கம் மந்தமானால், அதைக் கொஞ்சம் திருகி பிஸ்டனுக்குக் கூடுதல் வாயுவை அனுப்பலாம்.

ஆனால் மணல் என்று வந்தால் எஸ்எல்ஆர் சற்றுத் திணறும். பாகங்கள் நெருக்கமாகப் பொருந்தியிருப்பதால் பொடிமணலுக்கு ஒதுங்க இடமில்லை. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் எஸ்எல்ஆரான எல்1ஏ1 துப்பாக்கியில் மணல் ஒதுங்குவதற்கென்றே போல்ட்டைச் சுமக்கும் பாகத்தில் பள்ளங்கள் வெட்டினார்கள். ஏகேயில் இடைவெளி தாராளம். பாகங்களும் சிலதான், எல்லாம் பெரியவை, இருட்டில் கழற்றினாலும் தொலையாது. பராமரிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஏகேவுக்குத்தான். அதற்காக அதைத் துடைக்கவே வேண்டாம் என்பது வெறும் பேச்சு. குழலும் பிஸ்டனும் அதிலும் கரி பிடிக்கும்.

எண்ணெய் விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே விதி. பாலாற்று மணலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: செயினில் எண்ணெய் வழிந்தால் மணல் அப்பிக்கொண்டு கரகரவென்று அரைக்கும். அதனால்தான் பெரியப்பா எண்ணெய் போட்ட கையோடு காய்ந்த துணியால் இன்னொருமுறை துடைப்பாராம். தொட்டால் விரல் பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது.