கிடை: ஆடு கிடந்து எழுந்த வயல்

எருவுக்காக ஆடுகளை ராத்திரி வயலில் தங்கவிடுவதை வேளாண் பயிற்சி வகுப்புகளில் 'ஷீப் பென்னிங்' என்கிறார்கள்; அந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அதைத் தமிழாக்கும்போது 'ஆட்டுப்பட்டி அடைத்தல்' என்று எழுதிவிடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் இதற்குப் பேர் கிடை. கிடை போடுகிறது, கிடை மறிக்கிறது என்போம். புதுச்சொல் எதுவும் கட்டவேண்டியதில்லை.

நட என்பதிலிருந்து நடை வந்த மாதிரி, கிட என்பதிலிருந்து கிடை. "தாத்தா ஆறு மாசமா கிடையில கிடக்காரு" என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் படித்த கிடைக்கோடும் இதே. மலையாளத்தில் படுக்கைக்கே 'கிடக்க' என்று பேர். ஆக, ஆடு படுத்துக் கிடக்கிற இடம் கிடை. ஆங்கிலத்துப் 'பென்' பழைய ஆங்கிலத்திலிருந்தே அடைப்பைக் குறித்த சொல். அதைக் கேட்டால் வேலிதான் கண்முன் வரும்.

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் வயலில் பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்ததும் கிடை வரும். கரிசல்காட்டில் மேய்ந்த செம்மறிகள் தண்ணீரும் தாள்மேய்ச்சலும் தேடி தாமிரபரணிக் கரைக்கு இறங்கும் காலம் அது. கூலி நெல்லாகவோ ரூபாயாகவோ, ராத்திரிக் கணக்கில் பேசுவார்கள். மந்தைக்குத் தலைவரான கீதாரி வரப்பில் நின்று தாத்தாவிடம், "அண்ணாச்சி, மேல வயல்ல இன்னொரு ராத்திரி கிடக்கட்டும், நாளைக்கு கீழ மாத்திருதேன்" என்பார். விடியக்காலம் ஆடுகள் எழுந்துபோன இடத்தில் கை வைத்தால் மண் கதகதவென்று இருக்கும். ஒவ்வோர் ஆடும் கிடந்த அளவுக்கு ஒரு தடம், சுற்றிலும் புழுக்கை, மூத்திரம் ஊறிய ஈரம். அந்த வாடை இரண்டு நாளைக்குப் போகாது. எனக்கு இன்றைக்கும் பிடித்த வாடை.

அந்த ஈரத்தில்தான் கிடையின் அருமை இருக்கிறது. குப்பைக்குழி எருவை வண்டியில் அடிக்கலாம். மூத்திரத்தில் இருக்கிற தழைச்சத்தில் பெரும்பகுதி அதற்குள் வீணாகிவிடும். கிடையில் அது நேரே மண்ணில் இறங்குகிறது. ஒரே இடத்தில் குவியாமல் பரவவேண்டும் என்பதற்காகத்தான் கிடையை இடம் மாற்றிக்கொண்டே போகிறார்கள். 'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்' என்று பெரியவர்கள் சொன்னதும் சும்மா இல்லை, ஆட்டெரு அந்தப் போகத்திலேயே பயிருக்குப் பிடித்துவிடும்.

இது நம் ஊரோடு நின்ற வழக்கம் அல்ல. இங்கிலாந்தில் பகலில் மேட்டுப் புல்வெளியில் மேய்ந்த ஆடுகளை ராத்திரி உழவுநிலத்தில் தட்டி கட்டி நிறுத்தினார்கள். அங்கே நார்ஃபோக்கில் பல இடங்கள் மணல்பாங்கான மண். அங்கே இடைக்காலத்தில் குடியானவர்களின் ஆடுகள் பண்ணையாரின் நிலத்தில்தான் ராத்தங்கவேண்டும் என்றுகூட உரிமை வைத்திருந்தார்கள். ஆடு குடியானவனுக்கு, எரு பண்ணைக்கு! அந்த வழக்கத்தைத் தமிழில் எழுதினால் 'கிடையுரிமை' என்றே எழுதலாம். ஸ்பெயினில் மந்தை ராத்தங்கும் இடத்துக்கு 'மஹாதா' என்று தனிப்பேரே உண்டு. நம் கிடைக்கு மிக நெருங்கிய சொல் என்று நான் நினைப்பது அதைத்தான்.

நியூசிலாந்து வேறு கதை. 1982-இல் அங்கே ஏழு கோடி ஆடுகள் இருந்தன; இன்று அதில் பாதிகூட இல்லை. இருந்தாலும் ஆட்களைவிட ஆடுகள்தான் பல மடங்கு அதிகம். கம்பிவேலிக்குள் புல்வெளியிலேயே இரவும் பகலும் கிடக்கும். உரோமமும் கறியும்தான் குறி, பக்கத்தில் எருவுக்குக் காத்திருக்கும் நெல்வயல் கிடையாது. அந்த வேலியடைப்புக்குப் 'பேடக்' என்று பேர். அதைக் கிடை என்று மொழிபெயர்க்கக்கூடாது, மேய்ச்சல் அடைப்பு என்றால் சரி. நம் பக்கத்துச் செம்மறி இனங்களான செவ்வாட்டுக்கும் வெம்பூர்ப் பொட்டாட்டுக்கும் கத்தரித்து விற்கிற உரோமம் கிடையாது. அதனால் கறிக்கு அடுத்தபடி எருவே இங்கே வருமானம்.

அப்புறம், பட்டி தவறான சொல் என்று நான் சொல்லவில்லை. கொங்குப் பக்கம் அதுதான் வழக்கு. ஆனால் ஒரே இடத்தில் நிலையாக நிற்கிற அடைப்பையும் பட்டி என்கிறோம். மாடு கட்டுகிற இடம் தொழுவம், கூரை போட்டு ஆடு வளர்த்தால் கொட்டில். இப்போது பரண்மேல் ஆடு வளர்ப்பதை 'நவீன கிடை' என்று சிலர் எழுதுகிறார்கள். பரணில் புழுக்கை பலகை இடுக்கு வழியாகக் கீழே விழும், அதை அள்ளி வண்டியில் ஏற்றவேண்டும். ஆடு வயலில் கிடக்கவே இல்லையே, அது எப்படிக் கிடை ஆகும்?