தூக்குவதற்கு முன், எந்த வகைக் குட்டி என்று பாருங்கள்

இங்கிலாந்தில் காயம்பட்ட காட்டு உயிர்களைப் பராமரிக்கும் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறேன். மே, ஜூன் வந்தால் அட்டைப்பெட்டிகளில் குட்டிகளும் குஞ்சுகளும் வந்துகொண்டே இருக்கும். "தாய் விட்டுட்டுப் போயிடுச்சு" என்று கவலையோடு கொடுப்பார்கள். அவற்றில் பல, இருந்த இடத்திலேயே நன்றாக இருந்திருக்கும்.

பாலூட்டி, பறவை என்ற பிரிவு இந்த வேலைக்குப் போதாது. தாய் எப்படி வளர்க்கிறது என்பதுதான் முக்கியம்.

ரேபிட், ஹேர் இரண்டும் முயல்தான். ரேபிட் குட்டி வளைக்குள் முடியில்லாமல், கண் மூடிப் பிறக்கும். அந்த நிலையில் வெளியே கிடந்தால் ஏதோ ஆபத்து. ஹேர் குட்டியோ திறந்த வெளியில், ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தாய் பகலில் அண்டாது. பொழுது சாய்ந்தபின் வந்து பால் கொடுக்கும். புல்லுக்குள் அசையாமல் கிடப்பதே அதற்குப் பாதுகாப்பு. மான்குட்டியும் அப்படித்தான். கூட நாய் வந்திருந்தால் அதையும் கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

பிளாக்பேர்ட், ராபின் குஞ்சுகள் சரியாகப் பறக்கத் தெரியுமுன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். இறகு முளைத்துத் தத்தித் திரிந்தால் பெற்றோர் தேடிவந்து ஊட்டும். ஸ்விஃப்ட் என்ற உழவாரன் குருவி இதற்கு நேர்மாறு. கூட்டிலிருந்து கிளம்பினால் நேராக வானம்தான், அப்புறம் யாரும் ஊட்டுவதில்லை. அது தரையில் கிடந்தால் நிச்சயம் உதவி வேண்டும். மேலே வீசிப் பறக்கவைக்கப் பார்க்காதீர்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது புறாக்குஞ்சுகள். மற்ற குஞ்சுகளைப்போல இவை வாயைப் பிளக்காது. பெற்றோரின் வாய்க்குள் அலகை நுழைத்து, தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் குடிக்கும். இது தெரியாமல் அலகைப் பிரித்துத் தண்ணீர் சொட்டுவிடுகிறார்கள். நாக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் மூச்சுக்குழாயின் வாய். தண்ணீர் நுரையீரலுக்குப் போய், எங்களிடம் வரும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் களகளவென்று சத்தம் கேட்கும். அதன்பின் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

முள்ளெலி இரவில் நடமாடுவது. பட்டப்பகலில் புல்வெளியில் சுருண்டு கிடந்தால் பெரும்பாலும் நோய். உயரமான பெட்டி, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை, தட்டில் தண்ணீர் போதும். பால் மட்டும் வேண்டவே வேண்டாம், வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். பிரிட்டன் வௌவால்கள் சிலவற்றில் வெறிநோய் தரும் வைரஸ் உண்டு. கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எதுவானாலும் முதலில் ஒரு படம் எடுத்து, பக்கத்து மீட்பு மையத்துக்குப் போன் செய்யுங்கள். எடுத்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குணமானதும் அங்கேயே கொண்டுபோய் விட வேண்டியிருக்கும்.