பிழைப்பதிகை

ஒரு நிரல் தான் செய்ததையும் தனக்கு நேர்ந்ததையும் வரிசையாக எழுதிவைக்கும் குறிப்புக்கு ‘லாக்’ என்று பெயர். தோல்விகளை எழுதிவைத்தால் அது ‘எர்ரர் லாக்’. தமிழில் பிழைப்பதிகை என்பதே பொருத்தம்.

ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் மரக்கட்டை. பாய்மரக் கப்பலோட்டிகள் முடிச்சுகள் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் வீசி, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கையைக் கடக்கின்றன என்று எண்ணி வேகத்தைக் கணித்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய ஏட்டுக்கும் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து கணினிக்கு வந்தது.

பலரும் இதைப் ‘பதிவு’ என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. யூ.எஸ்.பி. சுட்டியின் (மவுஸ்) இயக்கி, அதாவது அதை இயக்கும் நிரல் (டிரைவர்), நினைவகத்தில் ஏற்றப்பட்டதும் இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. ‘பதிவு தோல்வி’ என்றால் இயக்கி ஏற்கப்படவில்லையா, குறிப்பு எழுதப்படவில்லையா? வருகை, செய்கை போல ‘பதி’யோடு ‘கை’ விகுதி சேர்ந்த பதிகை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் புகுபதிகை, விடுபதிகை வழியாக நமக்குப் பழகிய சொல்லும்கூட.

பிழை, வழு இரண்டையும் கலக்கக் கூடாது. ஓடும்போது நேரும் தோல்வி பிழை. நிரலை எழுதியதில் உள்ள குறை வழு. ஆகவே பிழைப்பதிகையிலேயே வழு இருக்கலாம். சுட்டியிடம் அடுத்த தரவைக் கேட்கும் கோரிக்கை தோற்கிறது என்று வையுங்கள். அந்தத் தோல்வியின் எண் ஒரு மாறியில் இருக்க, இயக்கி முந்தைய கோரிக்கையின் நிலையை எடுத்து எழுதிவிடுகிறது: ‘கோரிக்கையை அனுப்ப முடியவில்லை, நிலை 0’. சுழியம் என்றால் வெற்றி! படிப்பவர் எங்கே போய்த் தேடுவார்? திருத்தம் ஒரே ஒரு மாறியின் பெயர்தான். ஆனால் ‘நிலை -19’ என்று வந்தால், அப்படியொரு சாதனமே இல்லை என்பது உடனே விளங்கும்.

எந்தச் சாதனம் என்பதும் பதிகையில் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் வெறும் அச்சுக் கட்டளைக்குப் பதிலாகச் சாதனத்தைச் சேர்த்துச் சொல்லும் கட்டளையைப் பயன்படுத்தினால், வரியின் தொடக்கத்தில் இயக்கியின் பெயரும் ‘1-2:1.0’ போன்ற முகவரியும் தாமாக வரும். முதல் பஸ் (தரவு செல்லும் பாதை), அதன் 2ஆம் துளை, 1ஆம் அமைப்பு, 0ஆம் இடைமுகம் என்று அதைப் படிக்க வேண்டும். இரண்டு சுட்டிகள் செருகியிருக்கும்போது இதன் அருமை தெரியும்.

இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு: வழுவாக இருந்தும் காரணம் கருதி ஏற்கப்படுவது. -108 என்ற பிழையெண் அப்படிப்பட்டது. சுட்டியைப் பிடுங்கியதும் நிலுவையில் உள்ள கோரிக்கை இந்த எண்ணோடு திரும்பும். இயக்கி அதைப் பிழையாக எழுதாமல் விலகிக்கொள்வதே முறை. எழுதியே ஆக வேண்டுமென்றால், பதிகை வரியின் முக்கியத்துவத்தைக் காட்டும் கர்னலின் 0 முதல் 7 வரையான மட்டங்களில் பிழைக்குரிய 3இல் அல்ல, வழுநீக்கத்துக்குரிய 7இல் எழுதலாம்.