பிப்ரவரி 29: நாற்பத்தைந்து நிமிடத் தகராறு

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அந்தக் குழந்தை. அதே நாளில் குஜராத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாழ்க்கையின் முதல் பிறந்தநாள் வந்தது. அவன் பெயர் மொரார்ஜி. பிறந்தது 1896 பிப்ரவரி 29.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற நாள்தானே, நான்காம் வயதில் முதல் பிறந்தநாள் வந்திருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். வரவில்லை. 1900-ஆம் ஆண்டின் பிப்ரவரி 28 நாளோடு முடிந்துவிட்டது. அந்த ஒரு நாளை விழுங்கியது ஒரு பழைய கணக்கு. அதைப் பார்ப்பதற்கு முன் இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். 1977-இல் பிரதமரான மொரார்ஜி தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு ருக்மிணி தேவியைக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். அதாவது, பத்தொன்பது பிறந்தநாள் மட்டுமே கண்ட பிரதமர், பதினெட்டு பிறந்தநாள் மட்டுமே கண்ட கலைஞரை ராஷ்டிரபதி பவனுக்கு அழைத்திருக்கிறார்!

இனி கணக்கு. பூமி தன்னைத்தானே சுற்றுவதற்கும் சூரியனைச் சுற்றிவருவதற்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒரு வசந்த காலத்தின் சம இரவு நாளிலிருந்து அடுத்த ஆண்டின் அதே நிலைக்கு வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி ஆகிறது. நாட்காட்டியில் கால் நாளை அச்சடிக்க முடியாது. எனவே 365-ஐ எழுதிக்கொண்டு, மிச்சத்தைச் சில்லறைப் பாக்கியாக வைத்துக்கொள்கிறோம். பாக்கியைத் தீர்க்காமலே விட்டால் நூறு ஆண்டில் பருவம் 24 நாள் நகர்ந்துவிடும். சுமார் 750 ஆண்டு கழித்து, சென்னையின் டிசம்பர் மழை நாட்காட்டியில் ஜூன் மாதத்தில் பெய்யும். பண்டைய எகிப்தியர்கள் 365 நாள் ஆண்டையே வைத்திருந்ததால் அவர்களுடைய விழாக்கள் எல்லாப் பருவங்களிலும் ஊர்வலம் போய்வந்தன.

நான்கு ஆண்டின் சில்லறையைக் கூட்டிப் பாருங்கள். 5 மணி 48 நிமிடம் 45 விநாடியை நான்கால் பெருக்கினால் 23 மணி 15 நிமிடம். ஒரு நாளுக்கு முக்கால் மணி நேரம் குறைவு. கடைக்காரர் சில்லறை இல்லையென்று முழு நோட்டாகக் கொடுத்துவிடுவதைப் போல, நாம் பிப்ரவரி 29 என்று முழு நாளையே கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் கூடுதலாகப் போய்விடுகிறது. நாட்காட்டி வரலாற்றின் சண்டைகளில் பெரும்பகுதி இந்த 45 நிமிடத்தைப் பற்றியதுதான்.

முதலில் இந்த நாளைச் சேர்த்தவர் ஜூலியஸ் சீசர். அதற்கு முன் ரோமாபுரியில் பூசாரிகள் நினைத்தபோது மாதத்தைக் கூட்டிக் குறைத்து, பருவமும் தேதியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிலைக்கு வந்திருந்தன. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிஜெனஸ் என்ற வானியலாளரின் யோசனையைக் கேட்டு, கி.மு. 46-ஐ 445 நாள் கொண்ட ஆண்டாக நீட்டி எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார் சீசர். அந்த ஆண்டுக்குக் குழப்பத்தின் ஆண்டு என்றே பெயர். அடுத்த ஆண்டிலிருந்து நான்காண்டுக்கு ஒரு நாள் கூடுதல் என்பது விதி.

கூடுதல் நாள் ஏன் பிப்ரவரிக்குப் போனது? ரோமானியர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்தது. வெட்டுவதும் ஒட்டுவதும் கடைசி மாதத்தில்தான். ஆனால் சீசர் காலத்தில் 29 என்ற எண்ணே இல்லை. மார்ச் முதல் தேதியையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணினால் ஆறாவதாக வரும் பிப்ரவரி 24-ஐ இரண்டு முறை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

சீசர் கொலையுண்ட பிறகு பூசாரிகள் ஒரு வேடிக்கை செய்தார்கள். இன்று புதன்கிழமை, எட்டாம் நாள் வாருங்கள் என்றால் அடுத்த புதன் என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். இன்றையும் சேர்த்து எண்ணுவதால் ஏழு எட்டாகிறது. ரோமானியர்களுக்கும் இதே பழக்கம். நான்காம் ஆண்டுதோறும் என்ற கட்டளையை, லீப் ஆண்டையும் சேர்த்து எண்ணி மூன்றாண்டுக்கு ஒருமுறையாக்கிவிட்டார்கள். முப்பத்தாறு ஆண்டில் ஒன்பது நாள் சேர்க்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. அகஸ்டஸ் சில ஆண்டுகளுக்கு லீப் நாளையே நிறுத்திவைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது.

அதன் பிறகு விதியைப் பிசகாமல் பின்பற்றினார்கள். பிசகு விதியிலேயே இருந்தது. நான்காண்டுக்கு 45 நிமிடம் என்றால் 128 ஆண்டுக்கு ஒரு முழு நாள். 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காவில் கப்பல் பழுதாகி மாட்டிக்கொண்டிருந்த கொலம்பஸ், உணவு தர மறுத்த அத்தீவு மக்களிடம் உங்கள் மீது கடவுள் கோபமாக இருக்கிறார், இன்றிரவு நிலவு மறையும் என்று பயமுறுத்தினார். கையில் ரெஜியோமொன்டானஸ் கணித்த பஞ்சாங்கம் இருந்தது. நிலவு சொன்னபடியே இருண்டது, உணவும் வந்தது. அன்றைய தேதி பருவத்தைவிட ஒன்பது நாள் போலப் பிசகிக் கிடந்தது என்பது கொலம்பஸைப் பாதிக்கவில்லை. பஞ்சாங்கமும் அவரும் ஒரே தவறான நாட்காட்டியைப் பின்பற்றினால் கிரகணம் சரியாகத்தான் வரும். அறிவியலை இப்படியும் பயன்படுத்தலாம் என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கதை. ஆனாலும் பிப்ரவரி 29 வரலாற்றில் அதைத் தவிர்க்க முடியாது.

கிறிஸ்தவ சபைக்கு ஈஸ்டர் கவலை. ஈஸ்டர் தேதியைச் சம இரவு நாளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கி.பி. 325-இல் மார்ச் 21 அன்று இருந்த சம இரவு நாள், 1582-இல் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. அலோசியஸ் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர் வகுத்து, கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற சேசு சபைக் கணிதர் மெருகேற்றிய திட்டத்தைப் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அறிவித்தார். 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. அந்த இரவில்தான் ஸ்பெயினின் அவிலா தெரசா காலமானார். மறுநாளே அடக்கம் செய்தார்கள் என்றாலும் தேதி பதினைந்தாகிவிட்டது.

பத்து நாளை நீக்கியது பழைய பாக்கிக்கு. புதிய பாக்கி சேராமலிருக்க லிலியஸ் செய்த ஏற்பாடு அழகானது; காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ரசிக்கலாம். நூறு ஆண்டில் 25 லீப் நாள், ஒவ்வொன்றிலும் 45 நிமிடம் கூடுதல்: மொத்தம் 18 மணி 45 நிமிடம். நூற்றாண்டு முடிவில் ஒரு லீப் நாளைக் கைவிட்டால் இப்போது 5 மணி 15 நிமிடம் குறைவு. நான்கு நூற்றாண்டில் குறைவு 21 மணி. ஆகவே நானூறாம் ஆண்டில் மட்டும் லீப் நாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மிஞ்சுவது மூன்று மணி நேரம் கூடுதல். நானூறு ஆண்டுக்கு மூன்று மணி! ஒரு நாள் பிசக இன்னும் 3,200 ஆண்டு வேண்டும். 1600, 2000 லீப் ஆண்டுகள். 1700, 1800, 1900 அல்ல. மொரார்ஜியின் நான்காம் வயதுப் பிறந்தநாள் போன வழி இதுதான்.

போப் சொன்னதைக் கேட்பதா என்று இங்கிலாந்து 170 ஆண்டு அடம்பிடித்தது. அதன் விளைவு நம் கடற்கரையிலும் தெரிந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் புதிய நாட்காட்டியிலும், சென்னைக் கோட்டை ஆங்கிலேயர்கள் பழையதிலும் இருந்தார்கள். 1700-ஐ ஆங்கிலேயர்கள் லீப் ஆண்டாக வைத்துக்கொண்டதால் இடைவெளி பதினொரு நாளாகியிருந்தது. 1746-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. அந்தக் காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம், சதுரங்கப்பட்டினம் வழியாகச் சென்னைக்குப் போகிறவர், இரண்டு மூன்று நாள் பயணத்துக்குப் பின், கிளம்பிய தேதிக்கு முந்தைய தேதியில் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இருந்திருக்காது. அவர் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ்த் தேதியையும் எழுதிவந்தார். இங்கிலாந்து பணிந்தது 1752-இல்: செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14.

சுவீடன் செய்தது இன்னும் விசித்திரம். லீப் நாட்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு மெல்ல மாறலாம் என்று 1700-இல் தொடங்கி, போரின் நடுவில் அதை மறந்து, ஊரோடும் ஒட்டாமல் உலகோடும் ஒட்டாமல் நின்று, கடைசியில் பழையதற்கே திரும்ப 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளை வைத்தது.

சரி, தமிழ் மாதங்களில் பிப்ரவரி 29 எங்கே? தனியாக இல்லை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழையும் கணம்தான் மாதப்பிறப்பு. சூரிய அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றே முதல் தேதி, பின்னால் என்றால் மறுநாள். அதனால் மாத நீளத்தை வானமே தீர்மானிக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் வந்து வேகமாக ஓடுகிறது. மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடும். ஆனியில் மெதுவாக நகர்வதால் அது 32 நாள் வரை நீளும். மிச்ச மணிகள் ஏதோ ஒரு மாதத்துக்குள் சத்தமில்லாமல் கரைந்து, சில ஆண்டுகளுக்கு 366 நாள் வந்துவிடுகிறது.

இதில் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. (நாழிகை என்பது 24 நிமிடம். இங்கே விநாடி என்பது கடிகார விநாடி அல்ல, நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு; தற்பரை அதிலும் அறுபதில் ஒரு பங்கு.) இன்றைய கடிகாரக் கணக்கில் மிச்சம் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. ஆரியபட்டர் சொன்ன அதே அளவு. இது சூரியன் அதே நட்சத்திரப் பின்னணிக்குத் திரும்பும் ஆண்டு. பூமியின் அச்சு, வேகம் குறையும் பம்பரத்தைப் போலத் தலையை ஆட்டியபடி சுமார் 26,000 ஆண்டில் ஒரு சுற்று வருவதால், பருவ ஆண்டு இதைவிடக் குறைவு. வித்தியாசம் ஏறக்குறைய 24 நிமிடம். அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரியபட்டர் காலத்தில், கி.பி. 500-ஐ ஒட்டி, சித்திரை முதல் நாளும் சம இரவு நாளும் ஒன்றாகவே இருந்தன. இன்று ஒன்று மார்ச் 21 பக்கம், மற்றது ஏப்ரல் 14. இடையில் 24 நாள். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். சூரியன் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21, 22 வாக்கில். விவேகானந்தர் மகர சங்கராந்தி நாளில் பிறந்தார் என்பார்கள், அந்தத் தேதி 1863 ஜனவரி 12. இப்போது அதே சங்கராந்தி 14 அல்லது 15-இல் வருகிறது. நம் நாட்காட்டி தவறு என்று இதற்குப் பொருளில்லை. அது நட்சத்திரங்களுக்குக் கணக்கு வைக்கிறது, கிரிகோரியின் நாட்காட்டி பருவங்களுக்கு வைக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆண்டு போதாது.

1900-க்கு மீண்டும் வருகிறேன். எக்செல் இருக்கும் கணினி பக்கத்தில் இருந்தால் ஒரு கட்டத்தில் 60 என்று தட்டி, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 29-02-1900 என்று வரும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அந்தத் தவறைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்றுவரை திருத்தவில்லை, திருத்தினால் உலகத்தின் கணக்குத் தாள்களில் தேதிகளெல்லாம் ஒரு நாள் தள்ளிவிடும். மொரார்ஜியின் நான்காம் வயதுப் பிறந்தநாள் அந்தக் கட்டத்தில் மட்டும் இருக்கிறது.