மெட்ரோ பாதையில் கடை இருக்கிறதா? பட்டா இல்லாவிட்டாலும் படியுங்கள்

மெட்ரோ, பேருந்துத் தடம், ரயில் பாதை விரிவாக்கம் என்று வெளிநாட்டுக் கடனில் வேலை தொடங்கியதுமே சாலையோரக் கடைக்காரர் காதில் விழும் முதல் வார்த்தை, "இது ஆக்கிரமிப்பு, பட்டா இல்லை, உங்களுக்கு ஒன்றும் வராது." அதை நம்பி வெறுங்கையோடு எழுந்து போனவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

உலக வங்கி பணம் போடும் திட்டத்தில் இந்தப் பேச்சு செல்லாது. 2018 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள அதன் விதிப்படி, நில உரிமை இல்லாதவருக்கு நிலத்துக்குப் பணம் கிடையாது, சரி. ஆனால் அவர் கட்டிய கட்டடத்துக்கு நஷ்டஈடு உண்டு, வேறு இடத்தில் பிழைப்பைத் தொடர உதவியும் உண்டு. பழைய கட்டடம் என்று தேய்மானம் கழிக்கக் கூடாது. பொதுவாகப் பணம் கொடுத்த பிறகுதான் இடத்தை எடுக்க வேண்டும்.

மாட்டிக்கொள்வது, யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று எடுக்கும் கணக்கெடுப்பில்தான். அதற்கு ஒரு கட்-ஆஃப் தேதி இருக்கும், அதற்குப் பிறகு வந்து குடியேறியவருக்கு எதுவும் கிடையாது. நியாயம்தான், ஆனால் கணக்கெடுக்க வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவரும், உரிமையாளர் பெயரிலேயே எழுதப்பட்ட வாடகைக்காரரும் சேர்ந்தே விடுபட்டுப் போகிறார்கள். வாடகை ரசீது, மின் கட்டண ரசீது, தேதி தெரியும் புகைப்படம், எது இருந்தாலும் இப்போதே எடுத்து வையுங்கள். பட்டியலை நேரில் பாருங்கள், ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் என்றால் இரண்டாக எழுதச் சொல்லுங்கள். கட்-ஆஃப் தேதியை ஊரறியச் சொல்வது திட்ட அலுவலகத்தின் வேலை. சொல்லாவிட்டால் அதையே புகாராக எழுதலாம். அப்புறம், நிரப்பாத சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

புகாரோடு போனால் திட்ட அலுவலகம் உங்களை வருவாய்த் துறைக்கு அனுப்பும், வருவாய்த் துறை ஒப்பந்ததாரரைக் கேட்கச் சொல்லும். வாயால் சொன்ன எதற்கும் சாட்சி இல்லை, எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலருக்குத் தெரியாத பொறி ஒன்று: இந்த அலுவலகங்களில் எவ்வளவு அலைந்தாலும், அது உலக வங்கியிடம் முறையிட்டதாக ஆகாது. வங்கியின் திட்டப் பொறுப்பாளருக்கு நேரடியாக எழுதி, சரியான பதில் வராமல் போயிருந்தால்தான் பாதிக்கப்பட்டவர்களின் புகாரை விசாரிக்கும் உலக வங்கியின் ஆய்வுக் குழு (Inspection Panel) உங்கள் மனுவை எடுக்கும். குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, பெயரை ரகசியமாக வைக்கவும் கேட்கலாம்.

அந்தக் குழு உங்கள் கையில் பணம் தராது. ஆனால் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தில் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் 2004இல் மனு கொடுத்தார்கள். 2006 மார்ச்சில் சாலைப் பணிக்கும் மறுகுடியமர்வுக்குமான கடன் தொகையை வங்கி நிறுத்தியே வைத்தது. பணம் நின்றால்தான் சில மேசைகளில் கோப்பு நகரும்.

மனு கொடுக்கக் கெடு: உலக வங்கியில் கடன் முடிவுத் தேதிக்குப் (closing date, கடனைத் திருப்பிக் கட்டி முடிக்கும் நாள் அல்ல) பிறகு 15 மாதம் வரை, ஆசிய வளர்ச்சி வங்கி பணம் போட்ட திட்டமானால் அங்கே 2 ஆண்டு வரை. ரயில் ஓடத் தொடங்கும் நாள் வேறு, கடன் முடிவுத் தேதி வேறு. அந்தத் தேதியை வங்கியின் திட்டப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.